கொல்லன் மகனை அழித்துவிடாதீர்கள்

தமிழில் சிறுவர் நூல்கள் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் அவற்றைச் செப்பனிடும் ஆசிரியர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஐயா, அம்மா,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து என் கையெழுத்துப்படி திரும்பி வந்தது. எஸ்டோனியாவின் நாட்டார் நாயகன் கலேவிபோயெக்கின் கதைகள் அவை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்காகப் பன்னிரண்டு அத்தியாயங்களில் எழுதியிருந்தேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். வேண்டும் என்றுதான் சொன்னார்கள், அதுதான் சிக்கல். "அருமையாக வந்திருக்கிறது, சின்னச் சின்னத் திருத்தங்கள் மட்டும்" என்று ஓர் அன்பான கடிதம். கூடவே ஓரமெல்லாம் சிவப்பில் குறிப்புகள். எந்தப் பதிப்பகம் என்று சொல்லமாட்டேன். இதற்கு முன் வேறு இரண்டு இடங்களில் காட்டியபோதும் ஏறக்குறைய இதே குறிப்புகள்தான் வந்தன. ஆகவே ஒருவர் மேல் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, உங்கள் எல்லோருக்குமாகச் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

திருத்தங்கள் இவைதான். தீவுப் பெண் வரும் அத்தியாயம் வேண்டாம். கொல்லனின் மகன் சாக வேண்டாம், 'விருந்து இனிதே முடிந்தது' என்று இருக்கட்டும். கடைசியில் நாயகனின் கால்கள் வெட்டுப்படுவதை எதிரிகளின் சூழ்ச்சி என்று மாற்றிவிடலாம். அதற்கப்புறம் அவன் பிழைத்தெழுந்து நெடுங்காலம் நல்லாட்சி செய்யட்டும். முள்ளெலி ரொம்ப நன்றாக இருக்கிறது, அட்டையில் போடலாம்.

முள்ளெலி விஷயத்தில் எனக்கும் சம்மதம். மற்றதைப் பேசுவோம்.

ஆளைத் தெரியாதவர்களுக்காக ஓர் அறிமுகம். பால்டிக் கடலோரம் இருக்கிற சின்ன நாடு எஸ்டோனியா. வளைகுடாவின் மறு கரையில் பின்லாந்து. இரண்டு மொழிகளும் பின்னிய-உக்ரியக் குடும்பத்தில் நெருங்கிய உறவு. ஹங்கேரிய மொழி, சாமி, கோமி, மாரி, உட்முர்த் எல்லாம் அந்தக் குடும்பத்தின் கிளைகள்தான், சில கிட்டத்து உறவு, சில தூரத்து உறவு. எஸ்டோனிய மொழியில் 'போயெக்' என்றால் மகன். கலேவிபோயெக் என்றால் கலேவின் மகன், அவ்வளவுதான். நாட்டார் கதைகளில் அந்தப் பூதாகாரமான ஆளுக்குத் தனிப்பெயர் என்று ஒன்று பெரிதாகக் கிடையாது, அப்பன் பெயரிலேயே காலம் ஓடிவிட்டது. இந்தப் பெயர் புதிதும் அல்ல. பின்லாந்தின் மதகுருவான மிக்கேல் அக்ரிகோலா 1551இல் வெளியிட்ட விவிலியச் சங்கீதங்களின் நூலுக்கு எழுதிய முன்னுரையில், ஜனங்கள் இன்னமும் நம்புகிற பழைய தெய்வங்கள் என்று கண்டித்து ஒரு பட்டியல் போடுகிறார். அதில் 'கலேவாவின் மகன்கள்' வருகிறார்கள், புல்வெளிகளை வெட்டிச் சாய்க்கிறவர்களாக. ஒழித்துக்கட்ட நினைத்து எழுதிய பட்டியலே பிற்காலத்துக்குச் சாட்சியாக நின்றுவிட்டது.

எஸ்டோனியக் கிராமங்களில் வழங்கிவந்த கதைகளில் அவன் வீரன் என்பதைவிட இராட்சதன். கல்லெறிகிறவன். வயல் நடுவே வீடு அளவுக்கு ஒரு பாறை தனியாகக் கிடந்தால், அது கலேவிபோயெக் எறிந்த கல். அதில் குழிகள் இருந்தால் அவன் விரல் பட்ட தடம். இரண்டு முனையும் உயர்ந்து நடுவில் தாழ்ந்த மேடு இருந்தால் அது அவன் படுத்த கட்டில். அலட்ஸ்கிவி என்ற ஊரில் அப்படி ஒரு கட்டில் உண்டு, உண்மையில் அது பழங்காலக் கோட்டை மேடு. நாட்டின் கிழக்கே வூரெமா என்ற பகுதியில் நீள நீளமான குன்றுகளும் அவற்றுக்கிடையே நீள நீளமான ஏரிகளும் வரிசையாகக் கிடக்கும். அவன் ஏர் உழுத சால்கள் அவை என்பது கதை.

இந்தக் கல் விஷயத்தில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம் உண்டு. அவன் பின்லாந்திலிருந்து எறிந்த கல் என்று சில பாறைகளைப் பற்றிச் சொல்வார்கள். நிலவியல் படித்தவர்களைக் கேட்டால் அவர்களும் பின்லாந்துப் பக்கத்தைத்தான் கை காட்டுகிறார்கள். பனியூழிக் காலத்தில் வடக்கிலிருந்து நகர்ந்து வந்த பனிப்பாளம் அங்கிருந்து பெயர்த்துக்கொண்டு வந்து போட்ட பாறைகள் அவை. ராபகிவி என்ற சிவந்த கருங்கல் வகை தெற்குப் பின்லாந்துக்கு உரியது, அது எஸ்டோனிய வயல்களில் கிடக்கிறது. எறிந்தது யார் என்பதில் மட்டும்தான் கருத்து வேறுபாடு.

சில கிராமக் கதைகளில் அவன் நல்லவனே இல்லை. பயிரை மிதித்து அழிப்பான், ஜனங்களை மிரட்டுவான். இப்படிப்பட்டவனைப் பிடித்துத்தான் 19ஆம் நூற்றாண்டில் இரண்டு மருத்துவர்கள் ஒரு தேசத்தின் நாயகனாக நிறுத்தினார்கள். முதலாமவர் ஃபேல்மான். டார்ட்டு நகரத்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டே, 1838இல் தொடங்கிய எஸ்டோனியக் கல்விக் கழகத்தில் அடுத்த ஆண்டே இந்தக் கதைகளைப் பற்றிப் பேசினார். 1850இல் இறந்துபோனார். மிச்ச வேலை அவருடைய நண்பர் கிரொய்ட்ஸ்வால்டின் தலையில் விழுந்தது. அவர் வோரு என்ற சிற்றூரில் நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் மருத்துவராக இருந்தவர். கதைகளைச் சேர்த்து, இடைவெளிகளைத் தாமே பாடி நிரப்பி, 1853இல் ஒரு வடிவத்தை முடித்தார். ஜார் ஆட்சியின் தணிக்கையைத் தாண்டி அதை அச்சிட வழியில்லை. பிறகு பெரிதாக்கி, ஜெர்மன் மொழிபெயர்ப்போடு, கல்விக் கழகத்தின் ஆய்வு வெளியீடாக 1857 முதல் 1861 வரை பகுதி பகுதியாகக் கொண்டுவந்தார். சாதாரண மக்கள் வாங்கிப் படிக்கும் பதிப்பு 1862இல் வந்தது, அதுவும் பின்லாந்தின் குவோப்பியோ நகரத்தில் அச்சாகி. இருபது காண்டங்கள், ஏறக்குறைய 19,000 அடிகள். அதில் நேரடியாக நாட்டுப்பாடலிலிருந்து வந்தது சுமார் எட்டில் ஒரு பங்குதான் என்பார்கள், மீதியெல்லாம் மருத்துவரின் கைவண்ணம்.

இதைச் சொன்னதும் நீங்கள் கேட்கப்போவது தெரியும். "அவரே மாற்றித்தானே எழுதினார்? கல்லெறிகிற பூதத்தை ராஜாவாக்கியவர் அவர். நாங்கள் இன்னும் கொஞ்சம் மாற்றினால் என்ன?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் வாள் கதையை முழுசாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கலேவிபோயெக்கின் தாய் லிண்டா. கணவன் இறந்தபின் கல் சுமந்து சுமந்து அவன் சமாதியை எழுப்பினாள், அதுதான் இன்று தலைநகர் தல்லினின் நடுவிலிருக்கும் தூம்பேயா குன்று. ஒரு கல் மடியிலிருந்து நழுவியதும் அதன் மேல் உட்கார்ந்து அழுதாள், அந்தக் கண்ணீர்தான் உலெமிஸ்தே ஏரி. (தல்லின் நகரத்துக்குக் குடிநீர் பெரும்பாலும் இன்றும் அந்த ஏரியிலிருந்துதான் போகிறது.) அந்த லிண்டாவை டூஸ்லர் என்ற பின்லாந்து மந்திரவாதி தூக்கிக்கொண்டு போகிறான். வேட்டைக்குப் போயிருந்த மகன் திரும்பிவந்து பார்த்தால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. தாயைத் தேடிக் கடலில் குதித்து பின்லாந்தை நோக்கி நீந்துகிறான்.

வழியில் களைத்துப்போய் ஒரு தீவில் ஏறுகிறான். அங்கே ஒரு பெண். அவளுக்கு அவன் தீங்கு செய்கிறான். அவள் அலறல் கேட்டுத் தகப்பன் ஓடிவருகிறான். 'நீ யார், யார் மகன்?' என்ற கேள்விக்கு, கலேவும் லிண்டாவும் என் பெற்றோர் என்கிறான் இவன். கேட்டதும் அந்தப் பெண் வெளிறிப்போய்ப் பின்வாங்குகிறாள், கால் தவறிக் கடலில் விழுந்துவிடுகிறாள். இவன் பாய்ந்து தேடுகிறான். கிடைக்கவில்லை. அப்புறம் தன் வழியே நீந்திப் போய்விடுகிறான். போய்விடுகிறான், அவ்வளவுதான். பெற்றவர்கள் வாரியல் கொண்டு கடலையே வாரிப் பார்க்கிறார்கள். ஒரு கருவாலி மரம் வருகிறது, கழுகு முட்டை வருகிறது, இரும்புத் தலைக்கவசம் வருகிறது. மகள் மட்டும் வரவில்லை.

பின்லாந்தில் மந்திரவாதியைக் கொன்றுவிட்டு ஒரு கொல்லனின் பட்டறைக்குப் போகிறான். அங்கே ஒரு வாள் இருக்கிறது. இவனுடைய அப்பா கலேவ் உயிரோடிருந்தபோது செய்யச் சொன்னது, கொல்லனும் மகன்களும் ஏழு வருஷம் அடித்து முடித்தது. இவன் அதை ஓங்கிப் பட்டறைக்கல்லில் ஒரு போடு போடுகிறான், கல் இரண்டாகிறது. வாளுக்குச் சேதமில்லை. பேரம் முடிந்ததும் விருந்து. குடிக்கிறார்கள். போதை தலைக்கேறித் தீவில் நடந்ததைப் பெருமையாக அவிழ்த்துவிடுகிறான் இவன். கொல்லனின் மூத்த மகன் எழுந்து, ஒரு பெண்ணின் மானத்தை இப்படிச் சபையில் வைத்துப் பேசாதே என்று கண்டிக்கிறான். வார்த்தை தடிக்கிறது. புது வாள் உறையை விட்டு வெளியே வருகிறது. அதன் முதல் இரை, அதை அடித்துச் செய்தவனின் பிள்ளை.

கொல்லன் அவனோடு சண்டைக்குப் போகவில்லை. தான் செய்த வாளைப் பார்த்துச் சொல்கிறான்: நீயே இவனைக் கொல்ல வேண்டும்.

அதற்கப்புறம் கதை எங்கெங்கோ போகிறது. உழவு, கல்லெறியும் போட்டி, நரகத்துக்கு இறங்கிச் சர்விக் என்ற கொம்பனோடு மல்லுக்கட்டு, உலகத்தின் ஓரத்தைப் பார்க்கக் கப்பல் பயணம். நடுவில் ஒருநாள் அவன் தூங்கும்போது பெய்ப்சி ஏரிப்பக்கத்து மந்திரவாதி ஒருவன் வாளைத் திருடுகிறான். கனம் தாங்காமல் தூக்கிக்கொண்டு ஓடுகிறவன் காபா என்ற சின்ன ஆற்றைத் தாண்டும்போது அதை நழுவவிட்டுவிடுகிறான். கலேவிபோயெக் தேடி வந்து பார்க்கிறான். தண்ணீருக்கடியில் வாள் மின்னுகிறது. வா என்று கூப்பிடுகிறான். வாள் வரமாட்டேன் என்கிறது. குடிவெறியில் நீ சிந்திய குற்றமற்ற இரத்தத்தை நினைத்து இங்கே கிடந்து அழுகிறேன் என்கிறது.

இவனுக்கும் என்னவோ போலாகி வாளை அங்கேயே விட்டுவிடுகிறான். போகும்முன் ஒரு கட்டளை. இதற்கு முன் உன்னைச் சுமந்தவன் எவனோ, அவன் இந்த ஆற்றில் கால் வைத்தால் அந்தக் கால்களை வெட்டிவிடு. அவன் மனதில் நினைத்தது திருடனை. சொன்னதோ 'சுமந்தவன்' என்று. வருஷங்கள் போகின்றன. போரில் தோழர்களை இழந்து, அரசுப் பொறுப்பை ஒலெவ் என்பவனிடம் கொடுத்துவிட்டு, மனசு விட்டுப்போய்த் திரிகிறவன் ஒருநாள் யோசனையிலேயே காபா ஆற்றில் இறங்குகிறான். வாள் சொன்னபடி செய்கிறது. முழங்காலோடு இரண்டு கால்களும் போகின்றன.

இப்போது உங்கள் சிவப்புக் குறிப்புகளுக்கு வருகிறேன். கொல்லன் மகனை எடுத்துவிட்டால் சாபம் இல்லை. சாபம் இல்லையென்றால் வாள் ஆற்றுக்கடியில் அழுவதற்குக் காரணம் இல்லை, கட்டளையில் இருக்கிற இரட்டை அர்த்தத்துக்கு வேலையே இல்லை. கடைசியில் கால்கள் போவது வெறும் விபத்தாகிவிடும். அதனால்தான் பாருங்கள், 'எதிரிகளின் சூழ்ச்சி' என்று புதிதாக ஒரு எதிரியைக் கொண்டுவரும்படி ஆகிறது உங்களுக்கு. மூலத்தில் அந்த இடத்தில் எதிரியே கிடையாது. ஓர் ஆறு, ஒரு வாள், அவன். ஒரு முடிச்சை வெட்டினீர்கள், அதை மறைக்க மூன்று முடிச்சு போடுகிறீர்கள்.

கிரொய்ட்ஸ்வால்ட் எத்தனையோ இடங்களில் நாயகனைத் தேய்த்து மினுக்கியவர்தான், மறுக்கவில்லை. தேசத்துக்கு ஒரு காவியம் வேண்டும் என்று ஏங்கிய காலம் அது. நிலம் ஜெர்மானியப் பிரபுக்களிடம், ஆட்சி ஜாரிடம், தணிக்கை தலைக்கு மேலே. அந்த நிலைமையில் பழுதில்லாத ஒரு வீரனை உருவாக்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. இருந்தும் கொல்லன் மகனை அவர் விட்டுவைத்தார். மொத்தக் காவியத்தையும் அந்தச் சாவின் மேலேயே நிறுத்தினார். பிரபுக்களுக்கும் தணிக்கைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தவருக்கு இருந்த துணிச்சல் நமக்கு இல்லாமல் போவானேன்?

குழந்தைகள் பயந்துவிடுவார்கள் என்கிறீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன். எங்கள் ஊர் நூலகத்தில் சனிக்கிழமை சாயங்காலங்களில் கதை சொல்வேன். பாயை விரித்தால் இருபது, இருபத்தைந்து பிள்ளைகள் வருவார்கள். இந்தக் கதையை மூன்று வாரம் சொன்னேன். தீவுப் பெண் இடத்தில் 'அவளுக்குப் பெரிய தீங்கு செய்தான்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன், அந்த வயதுக்கு அது போதும். பெரியவர்களுக்குப் புரிகிறது பெரியவர்களுக்குப் புரியட்டும். கையெழுத்துப்படியிலும் அந்த ஒரே வாக்கியம்தான் இருக்கிறது, நீங்கள் படித்தீர்கள். கொல்லன் மகனை ஒளிக்கவில்லை, மறைக்கவில்லை.

மூன்றாவது வாரம் ஆற்றுக் கட்டம். கட்டளையைச் சொல்லி முடித்தேன். ஒரு பையன் கையைத் தூக்கினான்.

"ரெண்டு பேருமேதானே தூக்கினாங்க? கத்திக்கு எப்படித் தெரியும் யாருன்னு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண், நாலாம் வகுப்பு இருக்கும், "அதுக்குத் தெரியும். அதுக்கு அந்த அண்ணன் ஞாபகம் இருக்குல்ல" என்றாள்.

அந்த அண்ணன். பெயரில்லாமல் ஒரே ஒரு பக்கத்தில் வந்து போகிற கொல்லனின் பிள்ளை. இரண்டு வாரமாக அவனை மனதில் வைத்திருந்திருக்கிறாள். நாயகனின் பெயரைச் சரியாகச் சொல்ல அவளுக்கு வரவில்லை, கலவி, கலபோக் என்று என்னென்னவோ சொன்னாள். செத்தவனை மறக்கவில்லை. அவளுக்கு இராத்திரி தூக்கம் வரவில்லை என்று எந்தத் தாயும் என்னிடம் வந்து சண்டை போடவில்லை.

இந்த முடிவு கிரொய்ட்ஸ்வால்டின் தனிக் கிறுக்கு என்றும் நினைத்துவிடாதீர்கள். பின்லாந்தின் தேசியக் காவியமான கலேவலாவில் குல்லர்வோ என்றொருவன் இருக்கிறான். தெரியாமல் சொந்தத் தங்கையைக் கெடுக்கிறான், உண்மை தெரிந்ததும் அவள் ஆற்றில் விழுந்து சாகிறாள். கடைசியில் அவன் தன் வாளிடம் கேட்கிறான், குற்றமுள்ள சதையைத் தின்ன உனக்குச் சம்மதமா என்று. குற்றமில்லாதவர்கள் இரத்தத்தையே குடித்திருக்கிறேன், இதைக் குடிக்க என்ன என்கிறது வாள். கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பெண்ணும் தண்ணீரும் பேசும் வாளும் திரும்பத் திரும்ப வருகின்றன. இதெல்லாம் தமிழுக்கு ஆகாத சரக்கும் அல்ல. கலேவலாவின் ஐம்பது பாடல்களையும் ஈழத்து எழுத்தாளர் உதயணன், அதாவது ஆர். சிவலிங்கம், பின்லாந்தில் வாழ்ந்துகொண்டே தமிழாக்கினார், 1994இல் புத்தகமாக வந்தது. குல்லர்வோவை அவர் விட்டுவிடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் தனியாக உட்கார்ந்து செய்த வேலை அது. நாம் பன்னிரண்டு அத்தியாயத்துக்கே தயங்குகிறோம்.

சரி, முள்ளெலி. இது எல்லோருக்கும் பிடித்திருப்பதால் இதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலேவிபோயெக் பெய்ப்சி ஏரியை நடந்தே கடந்து ஒரு பெரிய பலகைச் சுமையோடு வருகிறான். மந்திரவாதி ஒருவனின் மகன்கள் மூன்று பேர் பாய்கிறார்கள். இவன் பலகையை எடுத்துத் தட்டையான பக்கத்தால் அடிக்கிறான், ஒவ்வொன்றாக உடைந்து தெறிக்கிறது, கட்டு குறைந்துகொண்டே வருகிறது. அப்போது புதரிலிருந்து ஒரு கீச்சுக் குரல்: "விளிம்பால அடி! விளிம்பால!" திருப்பிப் பிடித்து அடிக்கிறான், ஆட்கள் ஓடுகிறார்கள். யாரப்பா நீ, வெளியே வா என்றால், வரமாட்டேன், எனக்கு உடுப்பில்லை, வெட்கமாக இருக்கிறது என்கிறது குரல். அந்தக் காலத்தில் முள்ளெலிக்கு மேலே ஒன்றுமே கிடையாதாம், படைத்தவன் மறந்துவிட்டான். இவன் தன் கம்பளிமேலங்கியின் உட்புறத்திலிருந்து ஒரு துண்டை அறுத்துப் போடுகிறான். அது முதுகுக்குச் சரியாக இருந்தது. வயிற்றுக்கும் காலுக்கும் எட்டவில்லை.

இந்த அத்தியாயத்தை வாசித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்ட நீங்கள்தான், அதே கையால் கொல்லன் மகனை அடித்தும் போட்டிருக்கிறீர்கள். முள்ளெலிக்கு அங்கியை அறுத்துக் கொடுத்தவனும் அவன்தான், தீவிலிருந்து நீந்திப் போனவனும் அவன்தான். முதல் ஆளை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் அவன் பெயர் வேறு எதுவாகவாவது இருக்கட்டும். கலேவிபோயெக் என்று அட்டையில் போடாதீர்கள்.

இன்னொரு குறிப்புக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிற்சேர்க்கையாக எஸ்டோனியாவின் சாரெமா தீவில் வழங்கும் டோல் கதையை வைத்திருந்தேன். அவனும் இராட்சதன்தான், ஆனால் வேறு குணம். மனைவி பிரெட் அடுப்பில் பானையை வைத்துவிட்டு முட்டைக்கோஸ் இல்லையே என்றால், கடலில் இறங்கி ருஹ்னு தீவிலிருக்கும் தன் தோட்டம் வரை நடந்துபோய்ப் பறித்துக்கொண்டு தண்ணீர் கொதிப்பதற்குள் திரும்பிவருவான். சாரெமா பக்கம் போகும் படகுகளில் ஒன்றுக்கு டோல் என்றும் இன்னொன்றுக்குப் பிரெட் என்றும்தான் இன்று பெயர். போரில் அவன் தலை வெட்டுப்படுகிறது. சாகும்போது சொல்கிறான், எதிரி வந்தால் கூப்பிடுங்கள், எழுந்து வருவேன் என்று. கொஞ்ச காலம் கழித்து ஊர்ப் பிள்ளைகள் விளையாட்டுக்குச் சமாதியருகே போய், டோல் எழுந்திரு, போர் வந்துவிட்டது என்று கத்துகிறார்கள். எழுந்து பார்க்கிறான். எதிரியைக் காணோம், பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இனிமேல் வரமாட்டேன் என்று படுத்துவிடுகிறான். வரவும் இல்லை.

"இது குழந்தைகள் மேல் பழி போடுகிறது, எடுத்துவிடலாம்" என்று எழுதியிருந்தது. போடுகிறதுதான். நூலகத்தில் மறுபடி சொல்லச் சொல்லி அதிகம் கேட்ட கதை இது என்பதை மட்டும் உங்கள் காதில் போட்டுவைக்கிறேன்.

பின்னட்டைக்கு நீங்கள் எழுதி அனுப்பிய வாசகத்தில் 'தமிழோடு தொப்புள்கொடி உறவுள்ள மொழியின் காவியம்' என்று இருந்தது. கால்டுவெல் 1856இல் வந்த தம் ஒப்பிலக்கண நூலில் திராவிட மொழிகளை பின்னிய மொழிகள் அடங்கிய கூட்டத்துக்குப் பக்கத்தில் வைத்தார் என்பது உண்மை. மொழியியலாளர்கள் இன்று அதை ஏற்பதில்லை என்பதும் உண்மை. பிள்ளைகள் புத்தகத்தில் அந்தப் பொடியைத் தூவ வேண்டாம். நமக்கு உறவு என்றால்தான் படிக்க வேண்டுமா என்ன.

எஸ்டோனியர்கள் தங்கள் கதைகளை எப்படிச் சேர்த்தார்கள் என்பதையும் கொஞ்சம் பாருங்கள். 1888இல் யாகோப் ஹுர்ட் என்ற பாதிரியார் செய்தித்தாள்களில் ஒரு வேண்டுகோள் விடுத்தார், கிட்டத்தட்ட இது போன்ற ஒரு திறந்த மடல்தான். உங்கள் ஊர்ப் பாட்டு, கதை, பழமொழி எதுவானாலும் கேட்டபடியே எழுதி எனக்கு அனுப்புங்கள் என்றார். விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள், தையற்காரர்கள் என்று ஆயிரத்து நானூறு பேர் வரை எழுதி அனுப்பினார்கள். சேர்ந்தது ஒரு லட்சத்துப் பதினாலாயிரம் பக்கத்துக்கும் மேல். டார்ட்டு ஆவணக்காப்பகத்தில் அவை இன்றும் இருக்கின்றன. அழகாக்கி அனுப்பு என்று அவர் கேட்டிருந்தால், பயிரை மிதித்த பூதம் அந்தத் தாள்களில் இருந்திருக்கமாட்டான்.

டார்ட்டுவில் ஆற்றோரம் கலேவிபோயெக்கின் வெண்கலச் சிலை ஒன்று உண்டு, விடுதலைப் போரின் நினைவாக 1933இல் நட்டது, வாளூன்றி நிற்பான். சோவியத் ஆட்சி 1950இல் அதைப் பெயர்த்தெடுத்தது. இரண்டு வருஷம் கழித்து அதே இடத்தில் கிரொய்ட்ஸ்வால்டுக்குச் சிலை வைத்தார்கள், எழுதியவர் பரவாயில்லை, எழுதப்பட்டவன்தான் ஆபத்து என்பது போல. 2003இல் மறுபடி செய்து நட்டார்கள். அவன் பிடித்திருப்பது எந்த வாள் என்று அந்த வழியாகப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஆகவே என் நிலைமை இது. சொற்களை எளிதாக்கச் சொல்லுங்கள், ஆக்குகிறேன். பெயர்கள் வாயில் நுழையவில்லை என்றால் முதலில் ஒரு உச்சரிப்புப் பக்கம் போட்டுவிடலாம். நரக அத்தியாயம் நீளம் என்றால் எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது, பாதியாகக் குறைக்கலாம். ராயல்டியைப் பற்றிக்கூட நான் வாய் திறக்கப்போவதில்லை. தீவுப் பெண், கொல்லன் மகன், ஆறு, இந்த மூன்றும் இருக்க வேண்டும். கடைசிப் பக்கமும் மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும். கால் போனவனைத் தேவர்கள் நரக வாசலுக்குக் காவலாக அனுப்புகிறார்கள். வெள்ளைக் குதிரை மேல் வருகிறவன் பாறையில் ஓங்கிக் குத்துகிறான், கை பாறையில் மாட்டிக்கொள்கிறது. ஒருநாள் வீடு திரும்பித் தன் பிள்ளைகளுக்கு நல்லகாலம் கொண்டுவருவான் என்ற வாக்கோடு காவியம் முடிகிறது. அதுவரை கை பாறைக்குள்தான். நீங்கள் கேட்ட நெடுங்கால நல்லாட்சி இதில் எங்கேயும் இல்லை.

உங்களில் யாராவது ஒருவருக்கு இது சரியென்று பட்டால் எழுதுங்கள். படி தட்டச்சாகித் தயாராக இருக்கிறது. வழக்கமாக எனக்குப் படம் வரைந்து தருகிறவர் நான்கு படங்கள் முடித்துவிட்டார். ஆற்றுக் கட்டத்துக்கு வாளே வேண்டாம், தெளிந்த தண்ணீரும் கரையில் ஒரு பெரிய பாதமும் போதும் என்றேன். அப்படியே வரைந்திருக்கிறார்.

அன்புடன்,
ஒரு கதைசொல்லி

பி.கு.: அட்டையில் முள்ளெலியைப் போடுவதாக இருந்தால், வயிற்றில் முள் வரைய வேண்டாம் என்று உங்கள் ஓவியரிடம் சொல்லிவிடுங்கள். துணி அதுவரைக்கும் எட்டவில்லை.